இலை உருவிய கொப்பு

எங்கள் வாய்க்காலில் முழு ஆள் என்று எண்ணப்பட்ட ஒரே பெண் நான்தான். இதைச் சொன்னால் பெருமை பேசுகிறாள் என்பார்கள். பேசத்தான் செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள், இளவயதில் புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள், சண்டையில் வீடும் மாடும் போய் வவுனியா முகாமிலிருந்து ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தவள், இன்றைக்கு இரண்டு உழவு இயந்திரமும் ஓர் அரிசி ஆலையும் வைத்திருக்கிறாள் என்றால், அதை அவளே சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முழு ஆள் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குளம் பெரியதல்ல. கிளிநொச்சிக்குத் தெற்கே பெரிய வீதியை விட்டு உள்ளே நெடுந்தூரம் போகவேண்டும். மாரியில் செய்கிற காலபோகத்துக்கு மழை இருக்கிறது. கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான் கதி. சித்திரை வெயில் ஏறும்போது மதகைத் திறப்பார்கள். திறப்பதற்கு முன் வாய்க்காலைத் துப்பரவு செய்யவேண்டும். ஒரு வருடத்துப் புல்லும் சேறும் சம்புக் கோரையும் அதில் அடைந்து கிடக்கும். வாய்க்காலில் பங்குள்ள ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பாகம் என்று தடியால் அளந்து பிரித்திருக்கும். அவரவர் பாகத்தை அவரவர் வெட்டவேண்டும்.

வெட்டி முடித்தவருடைய பாகத்தின் தலைப்பில் ஒரு பூவரசங் கொப்பைக் குத்திவிடுவார்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள் செய்த ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் வாய்க்காலுக்குப் பொறுப்பாக இருந்த விதானையார் வரம்பில் நடந்து போனால் போதும், யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்று கொப்புகளே சொல்லிவிடும். ஆண் வந்து வெட்டினால் இலையோடு கொப்பு. அது முழு ஆள். பெண் வந்து வெட்டினால் இலையை உருவிவிட்டு வெறுந் தடியாகக் குத்துவார்கள். அது அரை ஆள். அதே நீளம், அதே ஆழம், ஆனால் பாதிதான் கணக்கு. மீதிப் பாதிக்கு வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் பொதுத் துண்டில் அவள் இன்னொரு பாகம் வெட்டவேண்டும். அல்லது ஓர் ஆணைக் கூலிக்கு அனுப்பவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவளுடைய வயலுக்குத் தண்ணீர் முறை எல்லாருக்கும் பிறகு.

சிறுபோகத்தில் எல்லாருக்கும் பிறகு என்றால் என்ன பொருள் என்று வயல் செய்கிறவர்களுக்குத் தெரியும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வறண்ட சோளகக் காற்று வயலைப் பார்த்து அடிக்கும். அந்த நேரத்துத் தண்ணீர் பிந்தினால் நெல் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது.

என் புருஷன் செத்த வருடம் நான் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனேன். விதானையார் என்னைப் பார்த்துவிட்டு இலையை உருவத் தொடங்கினார். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, நான் இன்னும் தொடங்கவேயில்லை" என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பக்கத்துப் பாகத்து ஆண்கள் பிளேன்ரீ குடிக்கக் கரையேறும்போது நான் என் பாகத்தை முடித்துவிட்டு அவர்களுக்கு முன்னால் நின்றேன். விதானையார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"எடேய், இது பொம்பிளையில்லையடா. ஆம்பிளை. குத்தடா இலையோட!"

அன்றிலிருந்து எனக்கு இலையோடுதான். இந்தக் கதையை நான் எத்தனை கலியாண வீட்டில், எத்தனை செத்தவீட்டு அந்தியேட்டியில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போது கடைசி வரியில் குரலை மாற்றி விதானையாரைப் போலவே சொல்வேன். சனம் சிரிக்கும். என் பிள்ளைகள் அந்த வரி வருவதற்கு முன்பே எழுந்து குசினிக்குள் போய்விடுவார்கள்.

மற்றப் பெண்கள் பெரும்பாலும் வாய்க்காலுக்கு வருவதில்லை. இருமடங்கு வெட்டுவதைவிடக் கூலிக்கு ஆள் அனுப்புவது சுகம் என்று விட்டுவிடுவார்கள். அதனால் இலை உருவிய கொப்பு ஒரு வருடத்தில் ஒன்றோ இரண்டோதான் தெரியும். யாருடைய கண்ணையும் அது உறுத்தியதில்லை.

சென்ற வருடம் மாசியில் எங்கள் ஊர் மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். கல்யாணமாகாத பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தாள், தோளில் கனமான பை. இப்போது வாய்க்காலுக்குப் பொறுப்பாக இருக்கிற கமக்காரர் சங்கத்திலிருந்து ஒரு பெண் போகத்தான் வேண்டும் என்று சொன்னார்களாம். சங்கத்தில் இருக்கிற ஒரே பெண் நான். ஆகவே நான்தான் போனேன். முன்வரிசைக் கதிரையில்தான் இருந்தேன்.

அந்தப் பிள்ளை சுவரில் பெரிய கடதாசி ஒட்டி இரண்டு சொற்களை எழுதினாள். 'பால்நிலை நீதி' என்று ஒன்று. 'கட்டமைப்பு ஒடுக்குமுறை' என்று மற்றொன்று. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதலாவதை வாசிக்கச் சிரமமில்லை. இரண்டாவதில் மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமோ? இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒடுக்கிறவன் ஒடுக்கிப்போட்டுப் போயிடுவான்" என்றேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"அம்மா, ஒருத்தரும் கெட்டவரா இல்லாமலே ஒரு அநியாயம் நடக்கலாம். ஆர் செய்தது எண்டு கேட்டா ஒருத்தரையும் காட்ட ஏலாது. ஆனா நடக்கும். ஒவ்வொரு வருசமும் நடக்கும். அதுக்குத்தான் இந்தச் சொல்."

"கெட்டவன் இல்லாமல் அநியாயமோ? இது பேயில்லாமப் பேய் பிடிச்ச கதையா இருக்கு."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சூட்டோடு நான் எழுந்து நின்று என் வாய்க்கால் கதையைச் சொன்னேன். விதானையாரின் குரலோடுதான். சொல்லி முடித்து, "என்னை ஒருத்தரும் ஒடுக்கேல்லை. உடம்பை வளைச்சுச் செய்தா ஒருத்தராலயும் ஒடுக்க ஏலாது" என்றேன். கை தட்டினார்கள். நான் கதிரையில் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வகுப்பு எடுத்த பிள்ளை கை தட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்: "அம்மா, அந்த விதானையார் உங்களைப் பொம்பிளை எண்டு சொல்லி இலையோட குத்தியிருக்கலாம்தானே? ஏன் ஆம்பிளை எண்டு சொல்லவேண்டி வந்தது?"

"அது பகிடிக்குச் சொன்னது, பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கடதாசியை ஒட்டினாள். அந்தக் கேள்வியை நினைத்து நான் தேநீரை ஆறவிட்டேன். பிறகு வேலைகளில் மறந்துபோனேன்.

அன்று பின்வரிசையில் இருந்தவர்களில் ஒருத்தியைப்பற்றிச் சொல்லவேண்டும். என் வயலுக்குக் கீழே அவளுடைய வயல். தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் செய்து வந்தவள். புருஷன் சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். வருவார் என்றும் அவள் சொல்வதில்லை, செத்துவிட்டார் என்றும் சொல்வதில்லை. பொட்டு வைப்பாள். காணி இன்னமும் அவர் பெயரில் இருக்கிறது. அவளுடைய வலது தோளில் செல் குண்டுத் துண்டு ஒன்று உள்ளேயே கிடக்கிறது. எடுத்தால் கை போய்விடும் என்று டொக்டர் சொன்னாராம். அந்தக் கையை அவளால் தோளுக்கு மேல் தூக்க முடியாது. ஒரு பெண் பிள்ளை. அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் தாதிமார் படிப்புக்குப் போயிருந்தாள். அந்தச் சிறுபோகத்து நெல்லைத்தான் தாய் நம்பியிருந்தாள். இது எல்லாருக்கும் தெரியும்.

சித்திரையில் துப்பரவு நாள் வந்தது. நான் விடியவே போய் என் பாகத்தை முடித்துவிட்டேன். இந்த வயதிலும் என் மண்வெட்டிக்கு நான் வேறு ஆள் வைத்ததில்லை. சங்கத்துச் செயலாளர் தடியோடும் ஒரு கட்டுப் பூவரசங் கொப்போடும் வந்து என் பாகத்தின் தலைப்பில் இலையோடு ஒன்று குத்திவிட்டுப் போனார். நல்ல பிள்ளை. அவருடைய தாயும் நானும் முகாமில் ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள். என்னை மாமி என்றுதான் கூப்பிடுவார்.

நான் மருத மர நிழலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். கூலிக்கு ஆள் அனுப்ப அந்த வருடம் அவளுக்கு வழியில்லை. மண்வெட்டியை இடுப்பு உயரத்துக்குத்தான் தூக்குவாள். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு வெட்டு வெட்டவேண்டியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. அவள் நிறுத்தவில்லை. சம்பைக் கையால் பிடித்து வேரோடு இழுத்துக் கரையில் எறிந்தாள். முடிந்தபோது அவளுடைய பாகம் என்னுடையதைவிடத் துப்பரவாக இருந்தது. நான் பொய் சொல்லமாட்டேன். அடிமண் தெரிந்தது.

செயலாளர் வந்தார். பார்த்தார். கட்டிலிருந்து ஒரு கொப்பை எடுத்து இலையை உருவத் தொடங்கினார்.

"தம்பி, முழுக்கத் துப்பரவாக்கியிருக்கிறன். இறங்கிப் பாருங்கோ" என்றாள் அவள்.

"தெரியுது அக்கா. வடிவாத்தான் செய்திருக்கிறியள். ஆனா நான் என்ன செய்யிறது? வழமை. கடைசித் துண்டில ஒரு பாகம் வெட்டிவிடுங்கோ. இல்லாட்டி ஒரு ஆளை அனுப்பிவிடுங்கோ."

"இந்தக் கையோட இன்னொண்டு எனக்கு ஏலாது தம்பி."

அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. முகம் சுருங்கியது. அவரும் அந்தச் சங்கடத்திலிருந்து தப்ப வழி தேடினார். தேடி, என் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்கட சங்கத்தில பொம்பிளையளை ஒருத்தரும் குறைச்சு மதிக்கேல்லை அக்கா. அந்தா, மாமியைப் பாருங்கோ. மாமிக்கு இலையோடதானே குத்தியிருக்கு. செய்யிறவைக்குச் செய்யிறமாதிரிக் குடுக்கிறம்தானே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அவள் கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு தடியை, அளக்கிற தடியைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தாள்.

நான் அவசரமாக, "பிள்ளை, நீ யோசியாத. நான் ஒரு ஆளை அனுப்பிவிடுறன்" என்றேன். உதவி செய்வதில் என்னை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை. இதுவும் உண்மை.

"அனுப்பினா அவர் வந்து வெட்டுவார், மாமி. அவருக்கு இலையோட குத்துவினம். எனக்கு வெறுந் தடி. ரெண்டு பேரும் வெட்டுறது ஒரே வாய்க்கால்தானே?" என்றாள். பிறகு செயலாளரைப் பார்த்து, சத்தம் போடாமல், "தண்ணி ஆர் வெட்டினதெண்டு கேட்டோ ஓடுது, தம்பி?" என்று கேட்டாள்.

 செயலாளர் உருவிய தடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கண்ணாடிப் பிள்ளையின் நினைவு வந்தது. இங்கே கெட்டவன் யார்? செயலாளரா? அவர் என் கூடாரத்துக்குத் தண்ணீர் சுமந்த பிள்ளை. விதானையாரா? அவர் செத்து எத்தனையோ காலம். ஆழத் தோண்டுவது ஆண்கள், பெண்கள் மண் சுமப்பது மட்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த கணக்கு. இன்றைக்குத் தோண்டவும் இல்லை, சுமக்கவும் இல்லை. எல்லாரும் ஒரே புல்லைத்தான் செதுக்குகிறோம். கணக்கு மட்டும் நின்றுவிட்டது. அதை நிற்க வைத்திருந்தது எது என்று பார்த்தால், நான்தான். பெண்ணால் முடியும் என்பதற்குச் சாட்சியாக அல்ல. பெண் என்றால் அரை, முழுதாக வேண்டுமென்றால் இவளைப்போல ஆம்பிளையாகவேண்டும் என்பதற்குச் சாட்சியாக. அவர்கள் நட்டுவைத்த அளவுத் தடிதான் நான்.

எழுந்து போனேன். என் பாகத்தின் தலைப்பில் நின்ற கொப்பைப் பிடுங்கினேன். பூவரசு இலை உருவுவதற்குச் சுகமானது, ஒரே இழுவையில் கழன்றுவிடும். உருவினேன். வெறுந் தடியைத் திரும்பக் குத்தினேன்.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"நான் பொம்பிளைதானே தம்பி. வழமைப்படி குத்துறன்."

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது. "ஐயோ, மாமி அரை ஆளெண்டா நான் கால் ஆளடா!" என்றான் ஒருவன். இன்னொருவன், "அப்ப உனக்குத் தடியும் வேண்டாம், ஒரு ஈர்க்குக் குத்தினாப் போதும்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. என் வயல் வாய்க்காலில் மிகப் பெரியது. எனக்கும் தண்ணீர் கடைசியில் என்றால் அது பகிடி அல்ல என்று அவருக்கு விளங்கியது.

அன்று பின்னேரமே சங்கம் கூடியது, அதே மருத மரத்தடியில். தலைவர் வந்தார். ஆண்கள் எல்லாரும் நின்றார்கள். பெண்கள் நானும் அவளும் மட்டும். தலைவர் நல்ல சமாதானப் பேச்சுக்காரர்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. மாமிக்கு எப்பவும்போல முழு ஆள். தங்கச்சிக்கும் இந்த முறை முழு ஆளாவே விடுவம். மனிசன் இல்லாத பிள்ளை, பாவம், கையும் ஏலாது. ஒருத்தரும் மறுக்கப் போறதில்லை."

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். எனக்கே அது நல்ல முடிவாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பாவம் பாத்துத் தாறது வேண்டாம் ஐயா."

"அப்ப எப்பிடித் தரச் சொல்லுறாய் பிள்ளை?"

"வாய்க்காலைப் பாத்துத் தாங்கோ."

பின்னால் நின்ற ஒருவர், அவரும் உதவி செய்கிற எண்ணத்தில்தான், "காணி புருசன்ர பேரிலதானே இருக்கு. அவர்ட வெட்டா எண்ணிவிட்டா முழு ஆள்தானே. வழமையும் கெடாது" என்றார்.

  அவள் தன் வலது தோளை இடக்கையால் பிடித்துக்கொண்டாள்.

"அவர் எங்க எண்டு நானே இன்னும் ஆருக்கும் சொல்லேல்லை. நீங்கள் அவரைக் கொண்டுவந்து வாய்க்காலில இறக்காதேங்கோ. வெட்டினது நான்."

அதற்கு மேல் கூட்டம் நடக்கவில்லை. வழமையை ஒரே நாளில் மாற்ற ஏலாது, போகம் முடியட்டும், பேந்து பார்ப்போம் என்று தலைவர் சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தார். எனக்கு முழு ஆள் திரும்பவும் வேண்டுமா என்று கேட்டார். அவளுக்கு எப்படியோ எனக்கும் அப்படி என்றேன். வீட்டில் மூத்தவன் குதித்தான். "அம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுது. ஊருக்கெல்லாம் உழுது குடுக்கிற நாங்கள் கடைசித் தண்ணிக்கு நிக்கிறதோ?" என்றான். அவனுடைய கோபமும் நியாயமானது. 

தண்ணீர் திறந்தார்கள். என் வயலின் மடையை நானே அடைத்துவைத்தேன். என் வயல் வாய்க்காலின் தலைப்பில் இருப்பதால் எல்லாருடைய தண்ணீரும் என்னைக் கடந்துதான் போகவேண்டும். வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் நுரையோடு வந்தது, என் மடையை ஒரு முறை முட்டியது, திரும்பிக் கீழே போனது. கீழே அவளுடைய மடையையும் முட்டிவிட்டுப் போனது. இந்தத் தண்ணீர் இவ்வளவு காலமும் எத்தனை பெண்களுடைய மடையை இப்படி முட்டிவிட்டுப் போயிருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். நான் தலைப்பில் நின்று பார்த்ததில்லை. எனக்கு எப்போதும் முறைக்குத் தண்ணீர் வந்ததால் வரம்பில் நிற்கவேண்டிய தேவை வரவில்லை.

வைகாசி போனது. ஆனியில் சோளகம் எழும்பியது. பயிர் தண்டுக்குள் கதிர் கட்டிக் குடலைக்கு வந்த நேரம். முறைத் தண்ணீர் எங்களிடம் வந்து சேருவதற்குள் என் வயலின் மேட்டுப் பக்கம் நிலம் வெடித்து, வெடிப்புக்குள் கால்விரல் போகும் அளவுக்கு வந்துவிட்டது. அவளுடைய துண்டு வாய்க்காலில் எனக்குக் கீழே என்றாலும் நிலம் மேடு. ஓரத்துப் பயிர் காலையில் சுருண்டால் பின்னேரமும் விரியாது. அவள் வரம்பில் இருந்து சேலையால் தலையை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் போய்ப் பக்கத்தில் இருப்பேன். நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. ஒரு நாள் மட்டும், "மாமி, நீங்கள் எனக்காகச் செய்யிறியளோ, உங்களுக்காகச் செய்யிறியளோ?" என்று கேட்டாள்.  "வெயில் ஏறுது, எழும்பு பிள்ளை" என்றேன்.

அதற்கு மறுகிழமை தலைவரும் செயலாளரும் என் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். கதிரை போட்டுக் கொடுத்தேன். இருவரும் நுனியில் இருந்தார்கள்.

"மாமி, எங்களுக்கு மனம் கேக்குதில்லை. உங்கட வயல் இப்பிடி வெடிச்சுக் கிடக்க, ரோட்டால போற வாற சனம் எங்களைத்தான் கேக்குது. கதைச்சம். இனி ஆள்க் கணக்கு வேண்டாம். பாகம் முடிஞ்சுதோ இல்லையோ, அதுதான் கணக்கு. முடிச்ச எல்லாருக்கும் இலையோட. நாளையான் தண்ணி உங்களுக்கு" என்றார் தலைவர்.

எனக்குச் சந்தோஷம்தான். மறைக்கமாட்டேன். எழும்பித் தேநீர் போட உள்ளே போனேன். குசினியில் நின்றபோதுதான் ஒரு கேள்வி வந்தது. கேத்திலை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அந்தப் பிள்ளையிட்டச் சொல்லியாச்சோ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்கள் காணேக்க ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன், மாமி."

என் வீட்டிலிருந்து அவளுடைய வேலிப் படலை கூப்பிடு தூரம். அதைக் கடந்துதான் இவர்கள் என் முற்றத்துக்கு வந்திருக்கிறார்கள். வாய்க்காலில் அடிமண் தெரிய வெட்டியவள் அவள். பாவம் பார்க்காதே, வாய்க்காலைப் பார் என்று கேட்டவள் அவள். அவர்கள் கேட்டது அவளுடைய சொல்லை அல்ல. ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரிகிற என் வயலைத்தான் கேட்டிருக்கிறார்கள். வழமை மாறியதும் வழமைப்படிதான் மாறியிருக்கிறது. கடதாசியில் எழுதியிருந்த அந்த நீளமான சொல் என் முற்றத்தில் இரண்டு கதிரையில் தேநீருக்குக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் நல்லவர்கள்.

"நான் சொல்லமாட்டன். போய்ப் படலையில நிண்டு அவாவைக் கூப்பிட்டு, நீங்களே சொல்லுங்கோ. பேந்து வந்து தேத்தண்ணி குடியுங்கோ."

போனார்கள். முற்றத்தில் நின்று பார்த்தேன். அவள் படலைக்கு வந்தாள். தலைவர் பேசினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். சின்னக் கேள்வி ஒன்றுதான் கேட்டாள் என்று செயலாளர் பிறகு எனக்குச் சொன்னார்.

"அப்ப, போன தண்ணி?"

 அடுத்த நாள் அவளுடைய மடையும் என்னுடைய மடையும் திறந்தன. நடுவில் நின்ற பயிர் எழும்பியது. ஓரத்துப் பயிர் எழும்பவில்லை. அறுவடை இயந்திரம் அந்த ஓரத்தை விட்டுவிட்டு வளைந்து போனது. சாவியாய்ப் போன கதிர்களை அவள் மாட்டுக்கு அறுத்துப் போட்டாள். மகள் படிப்பை விடவில்லை. அதற்கு அவள் வீட்டுப் பசு ஒன்றை விற்றாள். வாங்கியது புளியங்குளத்து ஆள். நான் வாங்குகிறேன் என்று கேட்டபோது தரவில்லை.

இந்தச் சித்திரையில் மறுபடியும் துப்பரவு நாள். இந்த முறை வாய்க்காலில் பெண்கள் பலர். கூலிக்கு ஆள் அனுப்புகிறவர்கள் தாங்களே இறங்கியிருந்தார்கள். செயலாளர் தடியோடு வந்தார். பாகம் முடிந்ததா என்று மட்டும் பார்த்தார், குத்தினார், அடுத்ததற்குப் போனார்.  என் பாகத்திலும் அப்படித்தான்.

அவளுக்குப் போன வருடத்தைப்போலவே உச்சி வெயில் ஆனது. எல்லாரும் போய்விட்டார்கள். செயலாளர் கடைசிக் கொப்பை வைத்துக்கொண்டு வரம்பில் குந்தியிருந்தார். அவசரப்படுத்தவில்லை. அவள் முடித்ததும் அவர் இலையோடு குத்தப் போனார். அவள் கையை நீட்டிக் கொப்பை வாங்கித் தானே குத்தினாள். குத்திய இடத்தைக் குதிக்காலால் இறுக்கினாள். பிறகு, தண்ணீர் வராத வாய்க்காலில் மண்வெட்டியை எங்கே கழுவுவது என்று பார்த்துவிட்டு, புல்லில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என்னிடம் அந்த விதானையார் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எனக்கு அது பெருமையான கதைதான், அதை நான் விடப்போவதில்லை. ஆனால் கடைசி வரியில் குரலை மாற்றவில்லை. என் குரலிலேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான் பாயாசத்தைக் குடித்துவிட்டு எழும்பினேன்.